பழைய கேம்பர் வேனின் பின் டிரம் பிரேக்: கழற்றுவது முதல் ஓட்டிப் பார்ப்பது வரை

பின் டிரம் பிரேக் வேலையை முதன்முறை செய்கிறவர்கள் ஸ்பிரிங் மாட்டுவதை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். வேலை கெடுவது வேறு இடத்தில். ஹேண்ட் பிரேக் கேபிளை முதலில் இறுக்கிவிட்டு, சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உள்சுவரில் அழுந்தி அதை நிறுத்தும் ஷூவைப் பிறகு சரிசெய்யப் போகிறார்கள். அப்படிச் செய்த வேன், நிறுத்திய இடத்தில் நன்றாகவே நிற்கும். ஓட்டத் தொடங்கிய சில வாரங்களில் பிரேக் மிதி ஆழமாக இறங்கத் தொடங்கும், அல்லது பின் டிரம் சூடேறி வாடை அடிக்கும். ஷூ, மிதி, கேபிள் என்ற வரிசையை மனதில் நிறுத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

உங்கள் வேன் மாடலுக்கான பட்டறைக் கையேடு ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். டிரம்மின் அதிகபட்ச விட்டம், ஷூவின் மேலுள்ள உரசும் பட்டையான லைனிங்கின் குறைந்தபட்சத் தடிமன், நட்டு இறுக்க அளவு ஆகியவை மாடலுக்கு மாடல் மாறும். நான் சொல்வதும் கையேடும் முரண்பட்டால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

1. உங்கள் டிரம் எந்த வகை?

கழற்றத் தொடங்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் அரை நாள் வீணாக்குகிறார்கள். பழைய வேன்களில் பொதுவாக மூன்று வகை உண்டு. முதலாவது, ஒன்று அல்லது இரண்டு சிறு திருகுகளை எடுத்ததும் சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதியான ஹப்பிலிருந்து தனியாக வெளியே வரும் டிரம். இரண்டாவது, ஹப்போடு ஒன்றாக வார்க்கப்பட்டு, நடுவில் பெரிய நட்டும் பிளவு ஊசியும் கொண்டது. 1950களிலும் 60களிலும் வந்த ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன்கள் இப்படிப்பட்டவை. அந்த நட்டு மிகக் கடுமையாக இறுக்கப்பட்டிருக்கும் என்பதால் சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்க வேண்டும். மூன்றாவது, கனமான வேன்களில் ஆக்சில் தண்டை உருவிய பிறகே வெளிவரும் டிரம். அதற்குப் புதிய ஆயில் சீலும் கேஸ்கெட்டும் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியிருக்கும்.

ஷூ அமைப்பிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஷூக்களின் கீழ்முனைகள் அசையாத ஒரு தாங்கியில் உட்கார்ந்திருக்கும். மற்றொன்றில் கீழ்முனைகளை, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் மட்டுமே இணைக்கும், மேலே ஒரு தடித்த ஊசி இரண்டையும் தாங்கும். இந்த இரண்டாம் வகையில் முன் ஷூ பின் ஷூவைத் தள்ளி அழுத்துவதால் இரண்டின் லைனிங் நீளமும் வேறாக இருக்கும். இது 10ஆம் படியில் முக்கியமாகிறது.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பாகங்களில்: ஓர் ஆக்சிலுக்கான முழு ஷூ செட், ஸ்பிரிங் மற்றும் பிடிப்பு ஊசிகள் அடங்கிய செட், ஷூக்களை வெளியே தள்ளும் வீல் சிலிண்டர்கள் இரண்டு, மூடிய புட்டியில் புதிய பிரேக் ஆயில். ஒரு பக்கத்துக்கு மட்டும் ஷூ மாற்றாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிடிக்காவிட்டால், ஈரச் சாலையில் அழுத்திப் பிடிக்கும்போது வேனின் பின்பகுதி பக்கவாட்டில் இழுக்கும். பழைய ஸ்பிரிங்குகளைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. பல வருடம் சூடேறி ஆறிய ஸ்பிரிங், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ஷூவைத் திரும்ப இழுக்கும் பலத்தை இழந்திருக்கும்.

ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம், ஆக்சிலுக்கு ஆக்சில் பிரேக் அளவு மாறியிருக்கும். அதற்கு மேல், உங்களுக்கு முன் வைத்திருந்தவர் ஆக்சிலையே மாற்றியிருக்கலாம். எனவே முடிந்தால் ஒரு நாள் டிரம்மைத் திறந்து, லைனிங் அகலத்தையும் டிரம் விட்டத்தையும் அளந்து, மூடிவிட்டுப் பிறகு பாகம் வாங்குங்கள். கழற்றிப் போட்ட வேனின் பக்கத்தில் உட்கார்ந்து தவறான ஷூவை மாற்றித் தரக் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கருவிகளில் நான்கு விஷயங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். வேனின் முழு எடைக்கு ஏற்ற ஜாக்கியும் இரண்டு ஆக்சில் ஸ்டாண்டுகளும், பிரேக் குழாய் நட்டை ஐந்து பக்கமும் கவ்விப் பிடிக்கும் திறந்த வாய் வளைய ஸ்பேனர், சொன்ன அளவுக்கு மட்டும் நட்டை இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், கண்ணைக் காக்கும் கண்ணாடியும் நல்ல முகமூடியும். மற்றவை வழக்கமானவை: திருப்புளி, குறடு, சுத்தியல், கம்பி பிரஷ், உப்புத்தாள், பிரேக் கிளீனர், துரு இளக்கும் எண்ணெய், அதிக வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ், உள்ளே ஓடுவது தெரியும் ரப்பர் குழாய், ஒரு பழைய ஜாடி.

பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை கிளைக்கால் வகை. டாட் 5 சிலிக்கோன் வகை. இதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. 5 என்பது 4-க்கு அடுத்த படி என்று எண்ணி ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியில் எது எழுதப்பட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

3. வேனைத் தூக்குவது

கேம்பர் வேன் சாதாரண வேன் அல்ல. தண்ணீர்த் தொட்டி, அலமாரி, மெத்தை, எரிவாயு உருளை எல்லாம் பெரும்பாலும் பின் ஆக்சிலின் மேலேயே உட்கார்ந்திருக்கும். தொட்டிகளைக் காலி செய்யுங்கள், எரிவாயுவை உருளையிலேயே மூடுங்கள், அலமாரிகளைத் தாழிடுங்கள். உள்ளே யாரும் இருக்கக் கூடாது. ஒருவர் உள்ளே நடந்தாலே ஸ்டாண்டின் மேல் வேன் அசைவது தெரியும்.

இந்த வேலையில் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தே ஆக வேண்டும், ஏனென்றால் அது இழுத்திருந்தால் டிரம் வராது. பின் சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் வேனில் இரண்டு பின் சக்கரமும் மேலே போனால் கியரில் விட்டிருப்பதாலும் பயனில்லை. அப்போது வேனைப் பிடித்து நிற்பவை முன் சக்கரங்களுக்கு வைத்த அடைக்கட்டைகள் மட்டுமே. எனவே சமதளமான கெட்டித் தரை, இரண்டு முன் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை, அதன் பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும்.

சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்குங்கள். ஜாக்கியைக் கையேடு காட்டும் இடத்தில் கொடுங்கள். பழைய வேனின் பக்கச் சட்டங்கள் பெயிண்டுக்கு உள்ளே துருப்பிடித்திருக்கலாம், அங்கே ஜாக்கி கொடுத்தால் தகடு மடங்கி உள்ளே போகும். ஸ்டாண்டுகளில் இறக்கியதும், கழற்றத் தொடங்கும் முன், கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால், நீங்கள் அதன் கீழே இல்லாத இப்போது விழட்டும்.

4. தூசியைக் கையாளுவது

1990கள் வரை பல நாடுகளில் பிரேக் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்தார்கள். உங்கள் வேனில் இருப்பது எப்போது மாட்டிய லைனிங் என்று உங்களுக்குத் தெரியாது. எனவே எல்லா டிரம் தூசியையும் கல்நார் தூசியாகவே கருதுங்கள். காற்றழுத்தத்தால் ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷால் தட்டாதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்து, வழியும் சேற்றைத் தட்டில் பிடித்து, துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டுங்கள். முகமூடியை டிரம்மைத் திறப்பதற்கு முன்பே போடுங்கள், ஏனென்றால் அதிகத் தூசி பறப்பது டிரம் வெளியே வரும் அந்த நொடியில்தான்.

5. நிப்பிளையும் குழாய் நட்டையும் முதலில் சோதியுங்கள்

இதை யாரும் முதலில் செய்வதில்லை. வீல் சிலிண்டரின் பின்புறம் காற்று எடுக்கும் நிப்பிளும் (ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) பிரேக் குழாய் நட்டும் இருக்கின்றன. முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் தடவி ஊறவிடுங்கள். பிறகு நிப்பிளை லேசாக இளக்கி உடனே மூடிப் பாருங்கள். உடைந்தால் அந்த சிலிண்டரை மாற்றியே ஆக வேண்டும் என்று இப்போதே தெரியும். எல்லாம் பூட்டிய பிறகு தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

குழாய் நட்டை இளக்கும்போது குழாயைக் கவனியுங்கள். நட்டு சுழலும்போது குழாயும் கூடவே முறுக்கினால் உடனே நிறுத்துங்கள். நட்டு குழாயோடு துருவில் ஒட்டியிருக்கிறது. முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி முயலுங்கள். முறுக்கிய குழாயை ஒருபோதும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். மடிந்த இடத்தில்தான் அது பிற்பாடு வெடிக்கும்.

6. டிரம்மைக் கழற்றுவது

திருகை எடுத்தும் டிரம் வரவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. டிரம் ஹப்போடு துருவில் ஒட்டியிருக்கும், அல்லது டிரம்மின் உள் விளிம்பில் தேய்மானத்தால் உருவான மேடு ஷூவில் சிக்கியிருக்கும். எது என்று கண்டுபிடிப்பது எளிது. டிரம் துளியும் அசையாமல் இருந்தால் ஹப்பு. சில மில்லிமீட்டர் வெளியே வந்து, டக்கென்று நின்றுவிட்டால் மேடு.

ஹப்பில் ஒட்டியிருந்தால் நடுத் துளையைச் சுற்றி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். டிரம் முகத்தில் சக்கர போல்ட்டுகளுக்கு இடையே மரை வெட்டிய இரண்டு துளைகள் இருந்தால் அவை இதற்காகவே. பொருத்தமான போல்ட்டுகளை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள், டிரம் தானே தள்ளிக்கொண்டு வரும். துளை இல்லையென்றால் போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட தட்டையான பகுதியில் சுத்தியலால் தட்டுங்கள். விளிம்பில் அடிக்காதீர்கள். என் நண்பர் ஒருவர் பொறுமை இழந்து விளிம்பில் இரண்டு அடி கொடுத்தார், கட்டை விரல் அகலத்தில் ஒரு துண்டு உடைந்து தெறித்தது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

மேட்டில் சிக்கியிருந்தால் ஷூவை உள்ளே சுருக்க வேண்டும். முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளை அதன் சரிசெய் நட்டில் முழுவதும் தளர்த்துங்கள். பிறகு ஷூக்களைத் தாங்கும் பின்தகடான பேக் பிளேட்டிலோ டிரம் முகத்திலோ உள்ள துளையின் ரப்பர் மூடியை எடுத்து, திருப்புளியால் அட்ஜஸ்டரின் பற்சக்கரத்தைத் திருப்புங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் வகையாக இருந்தால், பற்களைத் தடுக்கும் நெம்புகோலை இன்னொரு மெல்லிய திருப்புளியால் தள்ளிப் பிடித்தபடியே திருப்ப வேண்டும். இல்லையென்றால் ஒரு திசையில் மட்டுமே சுழலும்.

கேம்பர் வேன்களில் இன்னொரு காரணமும் அடிக்கடி வரும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மாதக்கணக்கில் நிறுத்திய வேனில் லைனிங் டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு டிரம்மின் சுற்றுப் பரப்பில் மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் தட்ட வேண்டும். இனி நீண்ட நாள் நிறுத்தும்போது கட்டை வைத்துக் கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து நிறுத்துங்கள்.

டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக் மிதியைத் தொடக் கூடாது. வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் தெறித்து வெளியே வந்துவிடும். நான் ஸ்டியரிங்கில் ஒரு துணியைக் கட்டி வைத்துவிடுவேன்.

7. எதையும் தொடாமல் பாருங்கள்

டிரம் வந்ததும் கை பரபரக்கும். பொறுங்கள். ஒவ்வொரு ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் கொக்கி போட்டிருக்கிறது, ஷூவுக்கு முன்னாலா பின்னாலா செல்கிறது, அட்ஜஸ்டர் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று நாலைந்து கோணங்களில் படம் எடுங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முடிக்கும்வரை மறுபக்கத்தைப் பிரிக்காதீர்கள். அதுவே உங்கள் மாதிரி. ஆனால் அது கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இடவலம் மாறியது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது வீல் சிலிண்டர். அதன் இரு முனைகளிலும் ரப்பர் தொப்பிகள் இருக்கும். ஒரு மரக்குச்சியால் தொப்பியின் உதட்டை மெல்லத் தூக்குங்கள். உள்ளே காய்ந்திருந்தால், அல்லது மங்கலாக ஈரம் படிந்த தடம் மட்டும் இருந்தால், சிலிண்டர் இன்னும் வேலை செய்கிறது. தூக்கியதும் ஒரு துளி உருண்டு வந்து குச்சியில் தொங்கினால் அது ஒழுகுகிறது. பேச்சே இல்லை, மாற்றுங்கள். ஷூ பிரிந்திருக்கும்போது சிலிண்டர் மாற்றுவது சிறு வேலை. எல்லாம் பூட்டி ஒரு வருடம் கழித்து ஒழுகினால் புதிய லைனிங்கும் கூடவே பாழாகும். அதனால்தான் இரண்டையும் முன்கூட்டியே வாங்கச் சொன்னேன்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். பிரேக் ஆயில் நீர்போல் மெலிந்து மேலிருந்து வழியும், பெயிண்டைத் தின்றிருக்கும். ஆக்சில் எண்ணெய் கெட்டியாக, கந்தக வாடையுடன் நடுவிலிருந்து பரவியிருக்கும். இரண்டாவது என்றால் ஆக்சில் சீலை மாற்றாமல் புதிய ஷூ மாட்டுவது வீண். எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவியோ சுட்டோ காப்பாற்றலாம் என்று சொல்வதைக் கேட்காதீர்கள். உள்ளே ஊறியது, சூடேறும்போது மறுபடி மேலே வரும்.

பிறகு டிரம். அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச உள்விட்டம் பெரும்பாலும் டிரம்மிலேயே வார்த்து எழுதப்பட்டிருக்கும். குறைந்தது மூன்று இடங்களில் குறுக்காக அளவெடுங்கள். அளவுகள் ஒன்றுக்கொன்று மாறினால் டிரம் நீள்வட்டமாகிவிட்டது. மிதியில் துடிப்பு தெரிவது இதனால்தான். அளவெடுக்கும்போது விளிம்பு மேட்டின் மேல் காலிப்பரை வைத்து ஏமாறாதீர்கள், லைனிங் உரசும் தளத்தில் வையுங்கள். விரிசல் இருந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், டிரம்மைத் தூக்கி எறியுங்கள். நீலம் பாய்ந்த புள்ளிகள் அளவுக்கு மீறிய சூட்டின் அடையாளம்.

8. ஷூக்களைக் கழற்றுவது

கண்ணாடி போடுங்கள். முதலில் ஷூவை பேக் பிளேட்டோடு பிடிக்கும் ஊசியும் சிறு ஸ்பிரிங்கும். ஒரு விரலால் பிளேட்டின் பின்னாலிருந்து ஊசியின் தலையை அழுத்திப் பிடித்து, முன்னால் குறடால் தொப்பி வாஷரை அழுத்திக் கால் சுற்றுத் திருப்பினால் விடுபடும். பின்னால் விரல் கொடுக்காவிட்டால் ஊசியும் கூடவே சுழன்றுகொண்டிருக்கும்.

அடுத்து, இரண்டு ஷூக்களையும் சேர்த்து வெளிப்பக்கம் இழுத்துக் கீழ்த் தாங்கியிலிருந்து நழுவ விடுங்கள். அப்போது ஸ்பிரிங்கின் இழுவை குறைந்து, மேல் கொக்கிகள் எளிதாக வரும். மேலே தடித்த ஊசி உள்ள வகையில் மட்டும் மேல் ஸ்பிரிங்குகளை அதற்கான கருவியால் முதலில் எடுக்க வேண்டும். பின் ஷூவிலிருந்து ஹேண்ட் பிரேக் கேபிளின் முனையைக் கழற்றியதும் மொத்தமும் கையோடு வரும். அதைத் தரையில் விரித்த துணியில், இருந்த அமைப்பிலேயே வையுங்கள். பிஸ்டன்கள் வெளியே வராதபடி சிலிண்டரைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை போடுங்கள்.

9. வீல் சிலிண்டரை மாற்றுவது

மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளை வாயில் விரித்து மறுபடி மூடுங்கள். காற்று நுழைய வழி குறைவதால் குழாயைத் திறக்கும்போது ஆயில் சொட்டுவது வெகுவாகக் குறையும். பழைய ரப்பர் ஹோஸைக் கவ்வியால் நெரித்து நிறுத்துவது வேண்டாம், உள் அடுக்கு பிய்ந்துவிடும்.

புதிய சிலிண்டரைப் பொருத்தும்போது ஒரு வரிசை இருக்கிறது. முதலில் குழாய் நட்டை விரலால் நாலைந்து சுற்று ஏற்றுங்கள். பிறகு சிலிண்டரின் போல்ட்டுகள். கடைசியில்தான் குழாய் நட்டை ஸ்பேனரால் இறுக்க வேண்டும். சிலிண்டரை முதலில் இறுக்கிவிட்டால் குழாயை நேராகக் கொண்டுவர இடமிருக்காது, மரை குறுக்கே ஏறிப் பாழாகும். சிந்திய ஆயிலை உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

10. சுத்தம் செய்து பூட்டுவது

பேக் பிளேட்டில் ஷூவின் ஓரம் உரசும் சிறு மேடுகள் இருக்கும். அவற்றில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் நகம் அதில் மாட்டும்; ஷூவும் அப்படியே மாட்டும், பிடித்த பிறகு திரும்பாது. லேசான பள்ளமென்றால் அரத்தால் சமப்படுத்துங்கள். ஒவ்வொரு மேட்டிலும் பிரேக் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். சூட்டில் உருகி லைனிங்கில் வழியும் சாதாரண கிரீஸ் இங்கே கூடாது.

அட்ஜஸ்டரை முழுவதும் பிரித்து, மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து, கிரீஸ் தடவி, விரலால் சுழலும் அளவுக்குக் கொண்டுவந்து, முழுவதும் உள்ளே சுருக்குங்கள். புதிய லைனிங் தடித்தது. சுருக்காவிட்டால் டிரம் ஏறாது. தானாகச் சரிசெய்துகொள்ளும் பல அட்ஜஸ்டர்களில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிராக இருக்கும். மாற்றிப் பொருத்தினால் ஒவ்வொரு அசைவிலும் அது இறுகுவதற்குப் பதிலாகத் தளரும், மிதி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். ஒரு பக்கத்தை மட்டும் பிரிக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

ஷூவின் இடத்தையும் சரிபாருங்கள். கீழ்முனைகள் அட்ஜஸ்டரில் மட்டும் இணையும் வகையில், குட்டை லைனிங் உள்ள ஷூ வேனின் முன்பக்கம் பார்க்க வேண்டும், நீண்டது பின்பக்கம். ஒரு சக்கரத்தில் இரண்டு குட்டை, மறு சக்கரத்தில் இரண்டு நீளம் என்று மாட்டிவிட்டு, வேன் ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது என்று கேட்டு வந்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

பூட்டும்போது கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள், லைனிங்கின் முகத்தைத் தொடாதீர்கள். கேபிளை நெம்புகோலில் மாட்டி, மேல் ஸ்பிரிங்கும் அட்ஜஸ்டரும் போட்ட ஷூக்களை ஒரு புத்தகத்தை விரிப்பது போல் விரித்து, முதலில் சிலிண்டர் பிஸ்டன்களில், பிறகு கீழ்த் தாங்கியில் உட்கார வையுங்கள். கடைசியாகப் பிடிப்பு ஊசிகள். முடிந்ததும் ஹேண்ட் பிரேக் நெம்புகோல் ஷூவில் உள்ள அதன் நிறுத்தத்தில் முழுமையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படியவில்லை என்றால் கேபிள் இன்னும் இறுக்கமாக இருக்கிறது. தளர்த்துங்கள்.

11. ஷூவைச் சரிசெய்வது

டிரம்மை மாட்டி, அதன் திருகைப் போடுங்கள். தனி டிரம்மாக இருந்தால் இரண்டு சக்கர நட்டுகளை வாஷரோடு லேசாக இறுக்கி, அது சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அட்ஜஸ்டரை டிரம் சுழலாமல் நிற்கும்வரை இறுக்கி, பிறகு பல் பல்லாகத் தளர்த்துங்கள். டிரம்மைக் கையால் சுழற்றிக் காதைக் கொடுங்கள். ஒரு சுற்று முழுவதும் காகிதத்தை விரலால் வருடுவது போன்ற மெல்லிய உரசல் கேட்டால் போதும். சுற்றின் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கனமாக உரசினால் டிரம் நீள்வட்டம், அல்லது ஹப்பு முகத்தில் துருத் துகள் ஒட்டி டிரம் சாய்ந்திருக்கிறது. கழற்றித் துடைத்துப் போடுங்கள்.

இரண்டு பக்கமும் இப்படி முடிந்த பிறகே காற்று எடுக்கப் போகலாம். ஷூ தளர்வாக இருக்கும்போது காற்று எடுத்தால், பிஸ்டன்கள் தேவையில்லாமல் வெகுதூரம் ஓடும், மிதியும் ஆழம் போகும், குழாயில் காற்று இருக்கிறதா ஷூ தளர்வா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

12. காற்று எடுப்பது

பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய் வழியே அதிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். ரப்பர் குழாயை நிப்பிளில் மாட்டி, மறுமுனையை ஜாடியில் உள்ள ஆயிலில் மூழ்க வையுங்கள். ஒருவர் மெதுவாக மிதிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, மிதி மேலே வருவதற்குள் மூட வேண்டும். "மிதி", "மூடியாயிற்று", "விடு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். குழப்பமே வராது. தொட்டியில் ஆயில் குறைந்து காற்று உள்ளே போனால் செய்ததெல்லாம் வீண், எனவே ஐந்தாறு மிதிகளுக்கு ஒரு முறை பார்த்து ஊற்றுங்கள்.

மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். இது பழைய வேன்களுக்கு மிக முக்கியம். பல வருடங்களாக மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் மேல் பாதியில் மட்டுமே ஓடியிருக்கும். அடிப்பாதியில் துருவும் படிவும் சேர்ந்திருக்கும். தரைவரை மிதித்தால் சீல்கள் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். நேற்றுவரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் காற்று எடுத்த மறுநாள் போவதற்குக் காரணம் இதுதான்.

சில வேன்களில் பின் ஆக்சிலுக்கும் சட்டத்துக்கும் இடையே, பளுவைப் பொறுத்து பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கும். சட்டத்தில் ஸ்டாண்ட் கொடுத்து ஆக்சில் தொங்கினால், வேன் காலி என்று எண்ணி அது பின்பக்க ஆயிலை மட்டுப்படுத்தும். காற்று வரவே மாட்டேன் என்கிறதே என்று மணிக்கணக்கில் மிதிப்பார்கள். ஆக்சிலின் அடியில் ஸ்டாண்டைக் கொடுத்தால் தீர்ந்துவிடும்.

டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பாரம் ஏற்றிய கேம்பர் வேன் நீண்ட மலை இறக்கத்தில் அந்தச் சூட்டை எட்டக்கூடும். ஆயில் கொதித்து ஆவியானால் மிதி தரைக்குப் போகும். எனவே பழுப்பு நிறம் போய்த் தெளிவான புதிய ஆயில் வரும்வரை எடுங்கள், முன் சக்கரங்களிலும் எடுங்கள், 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

முடிந்ததும் மிதியைப் பத்துப் பன்னிரண்டு முறை பலமாக அழுத்துங்கள். ஷூக்கள் டிரம்மின் நடுவில் வந்து உட்காரும். இப்போது டிரம்மைச் சுழற்றினால் உரசல் குறைந்திருக்கும். அட்ஜஸ்டரை மறுபடி சரிசெய்யுங்கள். இந்த இரண்டாம் முறையைத் தவிர்ப்பவர்களின் வேனில்தான் மிதி ஒரு விரல் அளவு கூடுதலாக இறங்கும்.

13. கடைசியில் கேபிள்

இப்போதுதான் ஹேண்ட் பிரேக். கேபிளை முன்னரே இறுக்கியிருந்தால் அது நெம்புகோலை நிறுத்தத்திலிருந்து இழுத்து, ஷூக்களைச் சற்று விரித்தே வைத்திருக்கும். அட்ஜஸ்டர் இறுகிவிட்டதாகத் தோன்றும், உண்மையில் இறுகியிருப்பது கேபிள். தானாகச் சரிசெய்யும் அமைப்பும் அப்போது வேலை செய்யாது.

கைப்பிடியை முழுவதும் கீழே விட்டு, கேபிளின் தொய்வு நீங்கும்வரை நட்டை இறுக்குங்கள். பிறகு கைப்பிடியைப் பல் பல்லாக இழுத்தபடி சக்கரங்களைச் சுழற்றிப் பாருங்கள். கையேடு சொல்லும் எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றாகப் பூட்ட வேண்டும். ஒன்று முந்தி, ஒன்று பிந்தினால் கேபிளின் ஒரு கிளை உறைக்குள் துருப்பிடித்திருக்கிறது. அதை இறுக்கிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், கேபிளை மாற்றுங்கள். கைப்பிடியை விட்டதும் இரண்டும் தடையின்றிச் சுழல வேண்டும்.

14. தரையில் இறக்கிய பிறகு

சக்கர நட்டுகளைக் குறுக்கு வரிசையில் டார்க் ரெஞ்சால் கையேடு சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். வேனை நகர்த்தும் முன், என்ஜினை நிறுத்தியபடியே மிதியை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே போனால் எங்கோ ஒழுகுகிறது. குழாய் நட்டுகளை விரலால் தடவிப் பாருங்கள், வண்டியை எடுக்காதீர்கள்.

மிதி கெட்டியாக இருந்தால் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நடைவேகத்தில் சென்று நிறுத்திப் பாருங்கள். பிறகு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபது இருபத்தைந்து முறை மிதமாகப் பிடித்து, இடையிடையே ஆற விடுங்கள். புதிய லைனிங் டிரம்மின் வளைவோடு படிய இது தேவை. முதல் நாளே அழுத்தமாகப் பிடித்தால் லைனிங்கின் மேல்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்துப் பிடிப்பை இழக்கும்.

திரும்பி வந்ததும் இரண்டு டிரம்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். இரண்டிலும் ஒரே சூடு வீச வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் ஷூ திரும்பவில்லை. முதலில் கேபிளைத் தளர்த்திப் பாருங்கள். அது தீர்க்காவிட்டால் அட்ஜஸ்டர், பிறகு பேக் பிளேட் பள்ளங்கள்.

100 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு, லைனிங் படிந்து இடைவெளி சற்றுக் கூடியிருக்கும். கேபிளை முழுவதும் தளர்த்தி, அட்ஜஸ்டரைச் சரிசெய்து, மிதியை அழுத்தி, அதன் பிறகு கேபிளுக்கு வாருங்கள்.